ரிசப்ஷனுக்கு மியூசிக்: லைட் மியூசிக்கா, நாதஸ்வரமா, டிஜேவா?

கும்பகோணத்தான்:
வணக்கம் மக்களே. தங்கச்சிக்கு தை மாசம் கல்யாணம், கும்பகோணத்துலயே மண்டபம். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், 6.30ல இருந்து 9.30 வரைக்கும். மியூசிக் விஷயத்துல வீட்டுல மூணு கட்சி ஆயிடுச்சு, அப்பாவுக்கு லைட் மியூசிக், தங்கச்சி டிஜேன்னு ஒத்தக்கால்ல நிக்குது, பெரியப்பா மேளம் இல்லாம என்னடா கல்யாணம்ங்கிறார். 40 ஆயிரத்துக்கு மேல முடியாது. 500 பேர் வருவாங்க, பாதிப் பேர் அறுபது தாண்டுனவங்க. இதுல மண்டபத்துக்காரங்க வேற, பாட்டு போட்டா காப்பிரைட் லைசென்ஸ் காசு தனியா கட்டணும்ங்கிறாங்க, நெஜமாவா?

மூணாம்_பந்தி:
எங்க அண்ணன் ரிசப்ஷன்ல நாங்க பண்ண தப்பை நீங்க பண்ணாதீங்க. லைட் மியூசிக்தான், நல்லாவே பாடுனாங்க, ஆனா ஆளுயர ஸ்பீக்கர் ரெண்டையும் முன் வரிசைய பாத்து திருப்பி விட்டுட்டாங்க, முன் வரிசைல யாரு உக்காருவா, ஊர்ல இருந்து வந்த பெருசுங்கதான். எங்க அம்மாச்சி முந்தானையால ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு உக்காந்திருந்துச்சு. பல வருஷம் கழிச்சு பாக்குற சொந்தக்காரங்க "எப்ப வந்தீங்க"ன்னு கேக்கவே மூணு தடவ கத்தணும், அப்புறம் சும்மா தலைய ஆட்டிட்டு பந்திக்கு கெளம்பிட்டாங்க. ஏழே முக்காலுக்கு ஹால்ல காலி சேர்தான், பாடகர் மட்டும் கைதட்டல் பத்தலன்னு மைக்ல கேட்டுட்டு இருந்தாரு. எந்த மியூசிக்னாலும் வைங்க, சவுண்ட் சர்வீஸ்காரர் பக்கத்துலயே நம்ம பய ஒருத்தன உக்கார வைங்க, அவன் சொன்னா குறைக்கணும்னு அட்வான்ஸ் குடுக்கும்போதே பேசிடுங்க.

ஆச்சாமரம்:
கும்பகோணத்துல இருந்துகிட்டு டிஜேவா! பக்கத்துல நரசிங்கம்பேட்டைல ஆச்சா மரத்துல கடையுற நாதஸ்வரத்துக்கு 2022ல புவிசார் குறியீடே குடுத்திருக்காங்க. எப்படியும் மறுநாள் முகூர்த்தத்துக்கு மேளம் சொல்லியிருப்பீங்க, அதே செட்டையே முதல் நாள் சாயங்காலமும் வரச் சொல்லுங்க, தனியா புக் பண்றதவிட குறைச்சலாத்தான் ஆகும். ஆளுங்க வர்ற முதல் ஒரு மணி நேரம் வாசல்ல உக்காந்து ஆனந்தபைரவி, மோகனம், கல்யாணின்னு வாசிக்கட்டும், மைக்கே வேணாம். தவில் மட்டும் தனியா நீளமா வாசிக்கிற தனி ஆவர்த்தனம் மட்டும் வேணாம்னு தவில்காரர்கிட்ட பதமா சொல்லிடுங்க, அவங்களுக்கு உற்சாகம் வந்துட்டா நிறுத்த முடியாது.

தபேலா_தம்பி:
நான் ட்ரூப்ல வாசிக்கிறவன். மூணு மணி நேரத்துக்கு முப்பது பாட்டு போகும், லிஸ்ட்ட ஒரு வாரம் முன்னாடியே குடுத்துடுங்க, ரெண்டு வீட்டுக்காரங்களும் ஒருதரம் வரிய படிச்சு பாத்துட்டு குடுங்க. மெட்டு தேனா இருக்கும், உள்ள பாத்தா காதல் தோல்வியா இருக்கும். நேயர் விருப்பம்னு சீட்டு வர்ற அன்னைக்கெல்லாம் இதுதான் நடக்கும், பொண்ணு மாப்பிள்ளை போட்டோவுக்கு சிரிச்சிட்டு நிக்கும்போது நாங்க பிரிவைப் பத்தி உருகிட்டு இருப்போம். ஆனா அதுலயும் ஒரு வேடிக்கை, 'வாராயென் தோழி' வர்ற பாசமலர் (1961) முடியுறப்ப அண்ணன் தங்கச்சி ரெண்டு பேருமே செத்துப் போறாங்க, அதுக்காக அந்தப் பாட்டை யாரு விட்டாங்க? இன்னொண்ணு, எங்களுக்கும் பசிக்கும் சார், கடைசி பந்திக்கு முன்னாடி ஒரு எலை போடுங்க.

வக்கீல்_இல்ல:
லைசென்ஸ் காசு கேட்டா குடுக்காதீங்க. 1957 காப்புரிமைச் சட்டம் பிரிவு 52(1)(za)ல கல்யாண ஊர்வலத்துக்கும் கல்யாணத்தை ஒட்டின கொண்டாட்டங்களுக்கும் விலக்கு இருக்கு, 2023 ஜூலைல மத்திய அரசே பொது அறிவிப்பு போட்டு இதை சொல்லியிருக்கு. பிரிண்ட் எடுத்து மேனேஜர் கைல குடுங்க. வெளில பந்தல் போட்டு ஸ்பீக்கர் வச்சா மட்டும் ராத்திரி 10 மணிக்கு மேல கூடாது.

கும்பகோணத்தான்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். முதல் ஒரு மணி நேரம் மேளம், அப்புறம் சின்ன ட்ரூப்பா நாலு பேர், ஸ்பீக்கர் பின்னாடி, சித்தப்பா பையன் சவுண்ட் பக்கத்துல. பெரியப்பாவும் அப்பாவும் சரின்னுட்டாங்க. டிஜே இல்லங்கிறத தங்கச்சிகிட்ட யாரு சொல்றதுன்னுதான் இப்ப வீட்டுல சீட்டு குலுக்கிட்டு இருக்கோம்.