கடல் பனிக்கு அடியில் ரேஞ்ச் (ஒலியால் அளக்கும் தூரம்) தப்பாகக் காட்டிய அனுபவங்கள்

பள்ளிக்கரணைவாசி:
இன்னும் உறுத்துகிற லாக் இது. பனிமேல் ஜிபிஎஸ் வைத்து அளந்தால் இரண்டு பீக்கனுக்கும் (தண்ணீரில் ஒலி அனுப்பி இடம் காட்டும் கருவி) நடுவே 2,000 மீ. ஒலி சொல்வது 2,139. ஏயூவி (தானாக ஓடும் ஆளில்லா நீர்மூழ்கி) ஏறிவரும் துளையோ மூணு மீட்டர் அகலம்! செட்டிங்கைத் திறந்தால் ஒலிவேகம் செகண்டுக்கு 1540 மீ. வங்கக்கடலில் மே மாத டெஸ்ட்டுக்குப் போட்ட ஃபைல், அப்படியே ஏறியிருக்கிறது. உறைநிலையை ஒட்டிய கடல்நீரில் 1440தான் வரும். சிடிடியை (நீரின் உப்பு, வெப்பம், ஆழம் அளக்கும் கருவி) இறக்கிப் பார்க்காமல் யாரும் எண்ணைத் தொடாதீங்க.

கிண்டி பிங்கர்:
சார், எல்லாவற்றுக்கும் ஒலிவேகத்தின்மேல் பழி போடாதீங்க. இன்னொரு லாகில் 500 மீட்டரிலும் 36 கூடுதல், 2,000-லும் அதே 36. டிரான்ஸ்பாண்டர் (பிங் என்ற ஒலித்துடிப்பு கேட்டதும் பதில் பிங் அனுப்பும் கருவி) பதில் சொல்ல எடுக்கும் 50 மில்லிசெகண்டைக் கழிக்கவே இல்லை. ஒலி போய்வரும் நேரம் என்பதால் பாதி 25, அதை 1440-ஆல் பெருக்கினால் 36 மீ. உங்க 1540 கோளாறும் 500 மீட்டரில் 35தான் காட்டும். கிட்டத்தில் மட்டும் செக் பண்ணினால் எது எதுவென்று சத்தியமா தெரியாது. இரண்டு தூரத்தில் அளக்கணும்.

காசிமேடு:
ரெண்டு பேரும் நிலையான பிழையையே பேசுறீங்க. தலைவலி தருவது குதிக்கிற பிழை. ஒரு பிங் 1,210, அடுத்தது 1,290, மறுபடி 1,215. நம்ம கடலில் மேலே சூடு, ஒலி கீழே வளையும். பனிக்கடியில் தலைகீழ்: ஆழம் கூடக்கூட வேகம் கூடுகிறது, ஒலி மேலே வளைந்து பனியின் அடிப்பக்கத்தில் மோதி மோதித்தான் போகிறது. நடுவே பனிமுகடு கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் நேர்வழி சிக்னல் மெலியும், பின்னால் வரும் எதிரொலி ஓங்கி ஒலிக்கும், ரிசீவர் அதைப் பிடித்துக்கொள்ளும். இந்தப் பிழை தூரத்தைக் கூட்டுமே தவிர குறைக்காது. உரத்த சிக்னலை விட்டுவிட்டு முதலில் வருவதை எடுங்க. வாகனம் செகண்டுக்கு 1.5 மீ வேகத்தில் போகிறது, பிங் இடைவெளி 10 செகண்ட் என்றால் ரேஞ்ச் 15 மீட்டருக்குமேல் மாற வழியே இல்லை. மீறினால் தூக்கிப் போடுங்க. டிரான்ஸ்டியூசரையும் (ஒலியை அனுப்பி வாங்கும் பாகம்) முகடுகளுக்குக் கீழே தொங்கவிடுங்க.

அடையாறு முகத்துவாரம்:
பனி நகர்வதை யாரும் சொல்லவில்லையே? செகண்டுக்கு 15 செ.மீ. என்றாலே மணிக்கு 540 மீ. துளையும் கூடவே போய்விடும். நகர்வதோடு நிற்காமல் சுழலவும் செய்யும். ஒரு பீக்கனில் ஜிபிஎஸ் இருந்தால் நகர்வு தெரியும், சுழற்சிக்கு இரண்டு வேண்டும். 4,000 மீ ஆழத்தில் 300 கிலோஹெர்ட்ஸ் டிவிஎல் (ஒலியைத் தரையில் அடித்து வாகன வேகம் அளக்கும் கருவி) தரையைத் தொடாது. அதை மேல்நோக்கித் திருப்பி பனியையே தரையாக வைத்துக்கொள்ளணும். அப்புறம் மிதப்பு. கொஞ்சம் கூடுதலாகவே வையுங்க, வாகனம் செத்தாலும் பனியின் அடியில் போய் ஒட்டும். பனிச்சரிவில் புதைந்தவர்களைத் தேடும் 457 கிலோஹெர்ட்ஸ் பெட்டியை மூக்கில் கட்டினால் மேலே நடந்தே தேடலாம். ஒட்டிக் கிடந்தால்தான் கிடைக்கும். ரெண்டு மூணு மீட்டர் கீழே போனாலே உப்புநீர் சிக்னலை விழுங்கிவிடும். பேட்டரியும்...

பள்ளிக்கரணைவாசி:
பாஸ், மிதப்பைப் பற்றி யார் கேட்டா? கிண்டி சார் சொன்னபடி 500-இலும் அளந்த லாக் இருக்கு: 535. அப்போ ஒலிவேகம்தான், டர்ன்அரவுண்ட் (பதில் தாமதம்) இல்லை.

கிண்டி பிங்கர்:
2,000-இல் 139, 500-இல் 35. சரி, ஒத்துக்கிறேன். ஆனா 1440-ஐயும் கண்ணை மூடிட்டுப் போடாதீங்க, சிடிடி போட்டு எடுங்க.