சிறிய வானொலி நிலையம் நடத்துபவர்களே, ஒரு யோசனை சொல்லுங்கள்

வணக்கம். ஒரு சிற்றூர் வானொலி நிலையத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். ஆள் குறைவு. அறிவிப்பாளரே மிக்சரையும் பார்ப்பார், போனையும் எடுப்பார். பகல் எப்படியோ ஓடிவிடுகிறது, இரவுதான் தலைவலி. ஸ்டூடியோவில் யாரும் இருப்பதில்லை. கணினிதான் பட்டியலை ஒலிபரப்புகிறது. அது நின்றுபோனால் டிரான்ஸ்மிட்டர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் சத்தமே வராது. நேயர் யாராவது கூப்பிட்டுச் சொன்னால்தான் எங்களுக்கே தெரியும். (பாவம், அவர்களும் தூங்க வேண்டாமா?)

இப்போது லிப்ரெடைம் என்ற, வானொலி ஒலிபரப்பைத் தானாக நடத்தும் மென்பொருளுக்கு மாறலாமா என்று பேச்சு. இலவசம், வீட்டிலிருந்தே பிரவுசரில் அட்டவணை போடலாம் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது லினக்ஸில் ஓடுவது. எங்களில் லினக்ஸ் தெரிந்தவர் ஒரே ஒருவர், அவரும் வேலை மாறிப் போகிறார். விண்டோஸில் ஓடும் ரேடியோடிஜே போதும் என்கிறார்கள் சிலர். இரண்டையும் பயன்படுத்தியவர்கள் இருந்தால், தொழில்நுட்பம் தெரியாதவர்களால் எதைச் சமாளிக்க முடிகிறது என்று சொல்லுங்கள்.

அப்புறம், ஒலி நின்றால் தானாக மாற்று ஒலிக்கு மாற்றிவிடும் சைலன்ஸ் டிடெக்டரை எங்கே பொருத்தினீர்கள்? கணினிக்கு அடுத்தா, டிரான்ஸ்மிட்டருக்கு முன்னாலா? எங்கள் டிரான்ஸ்மிட்டர் ஸ்டூடியோவிலிருந்து தள்ளி இருக்கிறது. நடுவில் இணைப்பு போனாலும் அது கண்டுபிடிக்க வேண்டும்.