ஏசாயா 6: தீர்க்கதரிசி ஏன் தம் உதடுகளைச் சொன்னார்?

கேள்வி:
வேதாகமத்தில் ஏசாயா புத்தகத்தின் ஆறாம் அதிகாரத்தை எத்தனையோ முறை வாசித்திருந்தும், ஓரிடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். உயரமான சிங்காசனத்தில் ஆண்டவர் வீற்றிருப்பதையும், சேராபீன்கள் என்னும் பரலோகத் தூதர்கள் முகத்தை மூடிக்கொண்டு "பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்" என்று கூப்பிடுவதையும் கண்ட ஏசாயா, "ஐயோ! அதமானேன்" (அழிந்தேன்) என்று அலறி, தம்மை அசுத்த உதடுகளுள்ள மனுஷன் என்கிறார். கைகளையோ இருதயத்தையோ சொல்லாமல் உதடுகளைச் சொல்வானேன்? தேவனுடைய வார்த்தையைப் பேச வேண்டிய உதடுகள் அல்லவா அவை?

பதில் 1:
சகோதரரே, ஐந்தாம் அதிகாரத்திலிருந்து தொடர்ந்து வாசியுங்கள். வயலோடே வயலைக் கூட்டுகிறவர்களுக்கும், மதுவை நாடி அதிகாலமே எழுந்திருக்கிறவர்களுக்கும், தீமையை நன்மை என்கிறவர்களுக்கும் என்று ஆறு முறை "ஐயோ" சொன்ன அதே வாய், சிங்காசனத்தைக் கண்டவுடன் ஏழாவது "ஐயோ"வைத் தனக்கே சொல்லிக்கொள்கிறது. அவர் பிறரைக் கண்டித்தது தவறென்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தத் துதியைக் கேட்டபோது, அதில் சேர்ந்து பாடத் தம் வாய்க்குத் தகுதியில்லை என்று உணர்ந்திருக்கிறார்.

பதில் 2:
"உசியா ராஜா மரணமடைந்த வருஷத்தில்" என்ற தொடக்கத்தைக் காலக்குறிப்பாக மட்டும் வாசித்துக் கடந்துவிடுகிறோம். எருசலேமில் 52 ஆண்டுகள் அரசாண்ட உசியா, மனம் மேட்டிமையாகி, ஆசாரியர்கள் தடுத்தும் தூபங்காட்ட ஆலயத்துக்குள் நுழைந்தார். தூபகலசம் கையில் இருக்கும்போதே நெற்றியில் குஷ்டம் தோன்றியது. சாகும்வரை தனித்து வாழ்ந்தார் என்று 2 நாளாகமம் 26 கூறுகிறது. குஷ்டரோகி தன் வாயை மூடிக்கொண்டு "தீட்டு, தீட்டு" என்று சத்தமிட வேண்டும் என்பது லேவியராகமம் 13:45. அங்கே தீட்டு என்பதற்கும் இங்கே அசுத்தம் என்பதற்கும் எபிரெயத்தில் ஒரே சொல்தான். குஷ்டரோகியான ராஜா இறந்த வருஷத்தில் மெய்யான ராஜாவைக் கண்டவர், குஷ்டரோகியின் கூக்குரலைத் தம் உதடுகளின்மேல் எடுத்துக்கொள்கிறார் என்பதே என் வாசிப்பு.

கேட்டவர்:
லேவியராகமத்தோடு இதை நான் ஒருபோதும் சேர்த்து வாசித்ததில்லை, மிக்க நன்றி. இன்னொன்று கேட்கிறேன். அசுத்த உதடுகளுள்ள ஜனங்களின் நடுவில் வாசமாயிருக்கிறேன் என்றும் அவர் அறிக்கையிட்டாரே; பிறகு சேராபீன்களில் ஒருவர் கொண்டுவந்த நெருப்புத்தழல் அவருடைய வாயை மட்டும்தானே தொட்டது?

பதில் 3:
ஆம், அவரை மட்டுமே தொட்டது. சேராபீன் என்ற பெயரே எரிதலைக் குறிக்கும் வேர்ச்சொல்லோடு தொடர்புடையது. அப்படிப்பட்டவரும் குறட்டால் (இடுக்கியால்)தான் அந்தத் தழலை எடுக்கிறார். அது பலிபீடத்திலிருந்து வந்தது. எந்த இடத்தை அசுத்தம் என்று ஏசாயா ஒப்புக்கொண்டாரோ, அதே இடத்தைத் தொட்டது. "யாரை நான் அனுப்புவேன்" என்ற சத்தம் அதற்குப் பிறகுதான் அவர் காதில் விழுகிறது. ஜனங்களிடத்திலோ ஆண்டவர் ஏசாயாவையே அனுப்புகிறார். அவர்கள் கேட்டும் உணரமாட்டார்கள், பட்டணங்கள் பாழாகும் என்ற கடுமையான செய்தி அது. ஆயினும் கடைசி வசனத்தில், வெட்டுண்ட மரத்தின் அடிமரம் "பரிசுத்த வித்து" எனப்படுகிறது. சேராபீன்கள் மும்முறை கூப்பிட்ட "பரிசுத்தர்" என்ற சொல்லின் வேரே அங்கு மீண்டும் வருகிறது.