மூன்று டிஷ், ஒரு ரிசீவர்: ஹாரிசான்டல் சேனல்கள் மட்டும் வரவில்லை

அனைவருக்கும் வணக்கம். கட்டணமில்லாச் சேனல்களுக்காக மாடியில் மூன்று டிஷ்களை நிறுவியுள்ளேன்: கேயூ பேண்டுக்கு (அதிர்வெண் கூடிய செயற்கைக்கோள் அலைவரிசை) இரண்டு, சி பேண்டுக்கு (அதிர்வெண் குறைந்தது) 6 அடியில் ஒன்று. மூன்றும் நான்கு போர்ட் டைசெக் சுவிட்ச் (ரிசீவரின் கட்டளைப்படி ஒரு டிஷ்ஷைத் தேர்ந்தெடுக்கும் கருவி) வழியாக, ஏறத்தாழ 30 மீட்டர் ஆர்ஜி-6 கேபிளில் ஒரே ரிசீவருக்கு வருகின்றன.

கேயூ டிஷ்களில் குறையில்லை. மூன்றாம் போர்ட்டில் உள்ள சி பேண்டில், ரிசீவர் 13 வோல்ட் அனுப்பும்போது இயங்கும் வெர்டிகல் (செங்குத்தாக அதிரும் அலையில் வரும்) சேனல்கள் தெளிவாக வருகின்றன. 18 வோல்ட் தேவைப்படும் ஹாரிசான்டல் (கிடைமட்ட அலையில் வரும்) சேனல்களோ, சுவிட்சைக் கழற்றி அதே கேபிளை எல்என்பியில் (டிஷ்ஷின் முன் நின்று சிக்னலைப் பெறும் கருவி) நேரடியாக இணைத்தால் மட்டுமே கிடைக்கின்றன. ரிசீவரில் இந்த எல்என்பிக்கான லோக்கல் ஆசிலேட்டர் அதிர்வெண் 5150 மெகாஹெர்ட்ஸ் என்பதையும் போர்ட் எண்ணையும் மும்முறை சரிபார்த்துவிட்டேன். கேபிள் முனையில் உள்ள எஃப் கனெக்டரைத் திறந்தபோது நடுக்கம்பியில் பச்சை படிந்திருந்தது (டேப் சுற்றாமல் விட்டது என் சோம்பல்தான்). அந்த முனையை வெட்டிவிட்டுப் புதிய கனெக்டர் போட்டும் மாற்றமில்லை.

மல்டிமீட்டரில் அளந்தபோது, சுவிட்சுக்குள் நுழையும் இடத்தில் 17.2 வோல்ட்டும், மூன்றாம் போர்ட்டில் 14.1 வோல்ட்டும் காட்டியது. நான்காம் போர்ட்டுக்கு மாற்றினால் 15-ஐ ஒட்டி நிற்கிறது. சில ஹாரிசான்டல் சேனல்கள் விட்டுவிட்டு வருகின்றன. ஆகவே வோல்டேஜ் இறங்குவதால் எல்என்பி வெர்டிகலிலேயே நின்றுவிடுகிறது என்று கருதுகிறேன். இது சுவிட்சின் பழுதா, அல்லது பழைய சி பேண்டு எல்என்பி கூடுதல் மின்னோட்டம் இழுப்பதன் விளைவா? எதை முதலில் மாற்றலாம்?

பின்னர் இரண்டாவது டிவியிலும் தனியாகச் சேனல் மாற்றிப் பார்க்க விரும்புகிறேன். அதற்கு ட்வின் எல்என்பிகளும் (தனித்தனியாக இயங்கும் இரு வெளியீடுகள் உள்ளவை) இரண்டு டைசெக் சுவிட்சுகளும் போதுமா, மல்டிசுவிட்ச் (பல ரிசீவர்களுக்குச் சிக்னலைப் பிரித்துத் தரும் கருவி) வாங்குவதே நல்லதா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.