மறு: பிளாக் காமெடிக்குத் தமிழ்ச்சொல் – வெள்ளிக்குள் முடிவு வேண்டும்

சாவு, ஊழல் போன்ற கொடுமைகளை வைத்தே சிரிக்கவைக்கும் பிளாக் காமெடிக்கு நம் திரையிடல் கையேட்டில் என்ன சொல் போடுவது என்ற இழையில் வந்த கருத்துகளுக்கு என் பதில்கள் இவை.

> 'கருநகைச்சுவை' என்றே போடலாம். கருமேகம், கருங்கல் போலத்தானே?

புணர்ச்சியில் குறையில்லை. ஆனால் கெட்டதற்கெல்லாம் கருமையை அடைமொழியாக்கும் பழக்கம் வேண்டாம். கையேட்டைப் படிக்கப்போவது முதலாண்டு மாணவர்கள். 'கரு' என்றதும் கதைக்கருவைத்தான் நினைப்பார்கள்.

> 'அபத்த நகைச்சுவை' போதும். வாழ்வின் பொருளின்மையைக் காட்டும் நாடகவகைக்கு 'அபத்த நாடகம்' நிலைத்துவிட்ட சொல்.

வடசொல் என்பதற்காக நான் எதிர்க்கவில்லை. (அதைப் 'பற்று' என்ற வேரிலிருந்து வருவித்த அன்பருக்கு: அகரத்தை முன்னே வைத்து எதிர்மறையாக்குவது தமிழ் வழக்கில்லை. அது கட்டற்றது என்னும் பொருளுள்ள வடசொல்லேதான்.) சிக்கல் பொருளில். "அபத்தமாப் பேசாதே" என்றால் குற்றம் பேசுகிறவர் மேல் விழுகிறது. நாம் திரையிடும் குந்தன் ஷாவின் 'ஜானே பி தோ யாரோ' (1983) படத்தைப் பாருங்கள். மாநகராட்சி ஆணையரின் பிணம் மகாபாரத நாடக மேடையில் திரௌபதியாக நிற்கிறது. பிணத்தைக் காப்பாற்ற வந்தவர்கள் துகிலுரிதலையே நிறுத்தப் பார்க்கிறார்கள். என்னதான் நடக்கிறது என்று திருதராட்டிரன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். கடைசியில் பாலம் இடிந்த பழி, ஊழலைத் துப்புத்துலக்கிய இரண்டு புகைப்படக்காரர்கள் தலையில் விழுகிறது. கைதி உடையில் நம்மைப் பார்த்துக் கழுத்தறுக்கும் சைகை காட்டுகிறார்கள். அபத்தம் பம்பாயின் கட்டட ஒப்பந்தங்களில் இருக்கிறது. படம் தெளிவாகவே பேசுகிறது. பழியைப் படத்தின் மேல் போடும் சொல் நமக்கு வேண்டாம்.

> தொல்காப்பியத்தில் தேடினீர்களா?

நகை பிறப்பதாக அது சொல்லும் 'எள்ளல் இளமை பேதைமை மடன்' என்ற நான்கில் எள்ளல்தான் (கேலி) முதலில் நிற்கிறது. சமூக விமர்சனத்துக்கு அதுவே போதும் என்று சிலர் சொல்லலாம். 'அவல நகை' கேட்பவர்களுக்கு அழுகை பிறப்பதாக அது சொல்லும் 'இளிவே இழவே அசைவே வறுமை' துணை. ஆனால் அந்த மேடைக் காட்சியில் அழுகை வருவதில்லை, சிரித்துக்கொண்டே திகைக்கிறோம். அது மருட்கை, வியந்து மயங்கும் நிலை. அதனால்தான் 'மருள்நகை' என்கிறேன். 'மருணகை' என்றுதான் புணர வேண்டும் என்ற புலவரே, இலக்கணம் உங்கள் பக்கம். ஆனால் அப்படி எழுதினால் மாணவருக்கு மருளும் தெரியாது, நகையும் தெரியாது. பிரித்தே எழுதுவோம்.

பெரும்பான்மை 'அவல நகைச்சுவை' பக்கம் என்று தெரிகிறது. சரி, அச்சகத்துக்கு நேரமாகிறது, அதையே போடுங்கள். அடைப்புக்குறியில் 'பிளாக் காமெடி' கட்டாயம் இருக்கட்டும். சொற்பட்டியலில் 'மருள்நகை' மாற்றுக்கருத்தாகப் பதிவாக வேண்டும்.

அப்புறம், கனவுபோல் நடப்பை மீறும் கலைப்போக்கான சர்ரியலிசத்துக்கு 'மீமெய்யியல்' என்றவருக்கு: 'மெய்' உடலையும் குறிக்கும், புள்ளி வைத்த எழுத்தையும் குறிக்கும். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே எழுதுகிறேன்.