நியூட்ரல் அறுந்ததில் செத்துப்போன இண்டக்‌ஷன் அடுப்பு: யுனிவர்சல் போர்டு பொருந்துமா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் கட்டடத்தில் போன வாரம் மழையின்போது நியூட்ரல் கம்பி அறுந்து, 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் வெகுவாக ஏறிவிட்டது. மிக்சி தப்பியது, இண்டக்‌ஷன் அடுப்பு தப்பவில்லை. 2000 வாட், பொத்தான் வகை, ஐந்தாண்டுப் பழசு. இப்போது விளக்கும் இல்லை, பீப் ஒலியும் இல்லை.

திறந்தால் ஃப்யூஸ் கருகி, பக்கத்திலிருந்த 471 எண் வேரிஸ்டர் (வோல்ட்டேஜ் எகிறினால் அதைத் தன் வழியே கடத்திப் போர்டைக் காக்கும் பாகம்) வெடித்திருந்தது. அது தன் வேலையைச் செய்திருக்கிறது, குறை சொல்வதற்கில்லை. இரண்டையும் மாற்றி, ஷார்ட் இருந்தாலும் மின்னோட்டம் மீறாதிருக்க 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு மின்சாரம் கொடுத்தேன். பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தது. காயிலை இயக்கும் சுவிட்சான ஐ.ஜி.பி.டி., ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் பிரிட்ஜ் இரண்டிலும் ஷார்ட் இல்லை. பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. இருக்கிறது. கட்டுப்பாட்டுச் சுற்றுக்கான 18 வோல்ட் மட்டும் வரவில்லை, எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடையில் அதை உண்டாக்கும் வைப்பர் 12ஏ சிப் வாங்கி மாற்றியதும் வந்துவிட்டது. ஆனால் 5 வோல்ட் ரெகுலேட்டர் தொட முடியாமல் கொதிக்கிறது. அதைக் கழற்றி அளந்தாலும் 5 வோல்ட் தடத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையே சில ஓம்களே காட்டுகிறது. அந்தத் தடத்து மின்தேக்கிகளை எடுத்துப் பார்த்தும் மாற்றமில்லை. அந்த 5 வோல்ட்டில் இயங்கும், அடுப்பின் மூளையான மைக்ரோகன்ட்ரோலர் போயிருக்க வேண்டும். நிரல் ஏற்றிய அந்தச் சிப் கடையில் தனியாகக் கிடைக்கவில்லை. சர்வீஸ் சென்டரில் போர்டுக்குச் சொன்ன விலைக்குப் புது அடுப்பே வாங்கலாம்.

பழைய காயிலோடு யுனிவர்சல் போர்டு (பல அடுப்புகளுக்கும் பொருந்துமென விற்கும் பொதுவான மாற்றுப் போர்டு) மாட்டியவர்கள், காயிலோடு சேர்ந்து அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும், போர்டிலுள்ள ரெசனன்ஸ் மின்தேக்கிக்கு அந்தக் காயில் பொருந்துகிறதா என்பதை மாட்டும் முன் எப்படிச் சோதித்தீர்கள்?