நொன்ஸ்டிக் தாச்சியும் கூடின நெருப்பும்

மல்லாவியிலிருந்து:
அடுப்பைப் பத்தவச்சு வெறுந்தாச்சியை ஏத்திப்போட்டு வெங்காயம் உரிக்கப் போற பழக்கம்தான் நொன்ஸ்டிக் தாச்சிக்கு எமன். ஒட்டாத பூச்சு பெரும்பாலும் டெஃப்லோன். 260 பாகை செல்சியஸ் வரைக்கும் பிரச்சினை இல்லை. 350 தாண்டினா பூச்சு உடைஞ்சு நச்சுப்புகை விடும். மீன் பொரிக்க 180 பாகையே காணும், ஆனபடியா சமையலால அந்தச் சூடு வராது. மெல்லிய அலுமினியத் தாச்சியை வெறுமையா காஸில முழுத்தீயில வச்சா, சில நிமிஷத்திலேயே 260 ஐத் தாண்டும். முதல்லயே ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு நடுத்தீயில வையுங்கோ. தேங்காயெண்ணெய் பூச்சின்ர எல்லைக்கு முந்தியே புகையும். புகை கண்டா உடனே அடுப்பை நூருங்கோ.

ஒட்டுசுட்டானிலிருந்து:
காஸ் தட்டுப்பாடெண்டா இந்தத் தாச்சியையே விறகடுப்பில ஏத்துறவை இருக்கினம். வேண்டாம். பாலை விறகு பிடிச்செரிஞ்சா, விறகை வெளியில இழுத்தாலும் தணல் லேசில அடங்காது. அதைவிட, சுவாலை தாச்சியின்ர பக்கத்தால ஏறிக் கைபிடி பூட்டின இடத்தைச் சுடும். அந்தக் கறுப்புப் பேக்லைட் உள்ளால வெடிக்கும், திருகாணி தளரும், தூக்கேக்க கொதியெண்ணெயோட தாச்சி பிரளும். எனக்கெண்டா புகையை விட இதுதான் பயம்.

புளியங்குளத்திலிருந்து:
மேல சொன்னது சரி. நொன்ஸ்டிக்கில செய்யக்கூடாததில தூள் வறுக்கிறதையும் சேருங்கோ. செத்தலும் மல்லியும் எண்ணெய், தண்ணி இல்லாமல் கனநேரம் வறுபடுற சாமான். செத்தல் நெடியில பூச்சுக் கருகிற மணமும் பிடிபடாது. மா வறுக்கிறதும் அப்பிடித்தான். மணலில கச்சான் வறுக்கிறதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை, ஒருதரம் கிளறினாலே பூச்சு அரம் போட்ட மாதிரி. இதுகளுக்கு இரும்புத் தாச்சி, இல்லாட்டி மண்சட்டி.

கிளிநொச்சியிலிருந்து:
கூட்டில கிளி, லவ்பேர்ட்ஸ் வளர்க்கிறவை கவனம். பூச்சு கருகிற புகை குருவியளின்ர நுரையீரலைத் தாக்கி, கொஞ்ச நேரத்திலேயே சாக்கொல்லும். கூடு குசினிக்குக் கிட்ட இருக்கக்கூடாது. மனுசருக்குச் சில மணித்தியாலம் கழிச்சுக் குளிர், காய்ச்சல், இருமல், நெஞ்சிறுக்கம் வரும். தடிமன் காய்ச்சல் எண்டு நினைச்சு விட்டிடுவினம். பெரும்பாலும் ஒண்டு ரெண்டு நாளில மாறும், ஆனா மூச்சு முட்டினா ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேணும். தாச்சி வெறுமையாக் காய்ஞ்சு புகைச்சா அடுப்பை நூத்து, யன்னல், கதவைத் திறந்துபோட்டு வெளியில வாங்கோ. தண்ணி ஊத்தவேண்டாம்.

மாங்குளத்திலிருந்து:
ஊத்தினா அடியும் வளையும். நடு மேல எழும்பி எண்ணெய் ஓரத்துக்கு ஓடும், நடு வெறுமையாக் காயும். பிறகு அந்த இடத்தில வெளிறின வட்டம் விழும். ஆறவிட்டுத்தான் கழுவவேணும்.

இன்னொண்டு: தோசை ஒட்டுதெண்டா பூச்சுப் போயிட்டுதெண்டு எறியாதேங்கோ. கூடின சூட்டில எண்ணெய் படிஞ்சு பிசினாகி மஞ்சள் படலம் கட்டியிருக்கும். ரெண்டு கோப்பை தண்ணியில ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா போட்டு, மெல்லிய தீயில பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, ஆறினாப்பிறகு பஞ்சால தேய்ச்சா கழரும். கம்பிநார் ஆகாது. பூச்சு செதில் செதிலா உரிஞ்சா மட்டும் மாத்துங்கோ. வயித்துக்க போன துண்டு சமிக்காமல் அப்பிடியே வெளியேறும், அதுக்குப் பதறத் தேவையில்லை. புதுசு வாங்கேக்க கையில தூக்கிப் பாருங்கோ. பாரமான, தடிச்ச அடியெண்டா சூடு ஒரே இடத்தில குவியாது.